ஷட்டர் சத்தம்

ஷாப்பிங் சென்டர் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதுமா? மழை பெய்தால் கூரை ஒழுகியது. சாக்கடை நிரம்பிக் கடை வாசலுக்கே வந்தது. பொழுது சாய்ந்தால் மாடிப்படியில் விளக்கு கிடையாது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த சூட்டோடு உப்பளத்துக்காரர் ஒருவர் அவசர அவசரமாகக் கட்டிவிட்ட கட்டடம் அது. வாடகை வாங்க மட்டும் அவருடைய ஆள் தவறாமல் வந்துவிடுவான். அதனால்தான் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். பாத்திரக்கடை ஜேசுபாதம் தலைவர், ஜவுளிக்கடை பாஸ்கல் செயலாளர்.

பாஸ்கலைக் குறை சொல்லத்தான் இந்தக் கதையையே சொல்ல வந்தேன். ஆனாலும் சங்கத்துக்காக அவர் அலைந்த அலைச்சலை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சாக்கடைக்கு மூடி வந்தது, மாடிப்படிக்கு விளக்கு வந்தது, எல்லாம் அவரால்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடைக்கும் விடுமுறை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. அதுவரை, பக்கத்துக் கடைக்காரன் திறந்திருக்கிறானே என்ற பயத்தில் ஒருவரும் நிம்மதியாகப் பூசைக்குப் போனதில்லை, பிள்ளைகளோடு உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டதில்லை.

அவருக்கு அடுத்த கடை செல்லப்பாண்டியுடையது. தாமிரபரணிப் பக்கத்து நெல் விளையும் ஊரை விட்டு வந்து சூட்கேஸ், குடை, செருப்பு விற்றுக்கொண்டிருந்தார். இருவரும் டீ குடிப்பது சேர்ந்துதான். உப்புக்காற்றில் அங்கிருந்த ஷட்டர்கள் எல்லாம் துருப்பிடித்து, ஏற்றினாலும் இறக்கினாலும் ஊரைக் கூட்டும். எது யாருடையது என்று செல்லப்பாண்டி திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

"இந்தா, தும்முத மாதிரி கேக்குல்லா, அது தலைவருது. இழுத்து இழுத்து ஒப்பாரி வைக்குதே, அது முத்துக்கனி அண்ணாச்சிது. உங்களுது இருக்கே, அது கழுதையேதான்."

"எண்ணெய் விடணும் அண்ணாச்சி" என்பார் பாஸ்கல். விடமாட்டார்.

பாஸ்கலின் அப்பா இறந்தபோது சவப்பெட்டி சென்டர் வழியாகத்தான் போயிற்று. முன்பின் தெரியாதவர் சாவுக்கே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நிற்பது அந்தக் கடைத்தெருவின் வழக்கம். அன்று செல்லப்பாண்டி முன்னால் நின்று எல்லாக் கடைகளையும் முழுக்கச் சாத்த வைத்தார். தலைகுனிந்து நடந்த பாஸ்கல் எதையும் பார்க்கவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக ஷட்டர்கள் இறங்கிய சத்தத்தை மட்டும் கேட்டார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அன்றுமுதல் சங்கத்துக்காரர் வீட்டுச் சாவு என்றால் முழுக்கச் சாத்துவது என்றாகிவிட்டது.

அந்தச் செல்லப்பாண்டிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தார். சொல்லிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறும் திறந்தார். சங்கம் கூடியது.

"கப்பல்காரனுவ ஞாயித்துக்கெழமைதான் எறங்கி வாரானுவ" என்றார் செல்லப்பாண்டி. "வீட்டுல அவளுக்குச் சொகமில்ல. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையுதேன். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கிடுங்க."

"எங்க வீட்டுலயும்தான் தலைவலிங்கா. நாங்க தொறந்தா வைக்கோம்?" என்றார் பேன்சி ஸ்டோர் முத்துக்கனி.

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்கலும் சிரித்தார்.

ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரமே ஆளாளுக்குத் திறந்துவிடுவார்கள், பாடுபட்டு வாங்கிய ஞாயிற்றுக்கிழமை கைவிட்டுப் போய்விடும் என்பது பாஸ்கலின் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. செல்லப்பாண்டியைச் சங்கத்தைவிட்டு நீக்கினார்கள். அவரோடு யாரும் பேசக்கூடாது, சில்லறை மாற்றக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தவர் பாஸ்கல். செல்லப்பாண்டி கடைசிவரை கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஆடி முடிவதற்குள் அவர் மனைவி சண்முகத்தாய் இறந்துபோனார். சங்கக் கூட்டம் என்றால் தூக்குவாளி நிறையச் சுண்டல் கொடுத்தனுப்புகிற பெண். அது தலைவலி இல்லை என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறைத்தது.

"என்னங்க, நீங்க போயி நிக்காண்டாமா?" என்று கேட்டாள் பாஸ்கலின் மனைவி பிளாரன்ஸ்.

"போகப்படாதுன்னு சங்கம் சொல்லியிருக்குல்லா."

"சங்கம்னா யாரு? நீங்கதான?"

பிளாரன்ஸ் சேலையை மாற்றிக்கொண்டு துட்டி வீட்டுக்குத் தனியாகப் போனாள். இவர் கடைக்கு வந்தார்.

வெயில் ஏறியதும் சங்குச் சத்தம் கேட்டது. பாஸ்கல் ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எதிர் வரிசையில் ஜேசுபாதமும் கம்பியோடு நின்றார். அவர் முத்துக்கனியைப் பார்த்தார். முத்துக்கனி பாஸ்கலைப் பார்த்தார். பாஸ்கல் தலைவரைப் பார்த்தார். ஒருவர் இறக்கினால் போதும், மற்றவர்கள் மளமளவென்று இறக்கியிருப்பார்கள். ஆனால் நீக்கி வைத்த ஆளுக்காக முதலில் இறக்கியவர் என்ற பெயர் ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. சங்கம் என்றால் ஒற்றுமை என்பார்கள். அன்றைக்கு அப்படி ஓர் ஒற்றுமை.

பாடை வந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளிச்சட்டியை ஏந்தி, ஈர வேட்டியோடு செல்லப்பாண்டியே முன்னால் வந்தார். தலை குனிந்தபடியே இருந்தது. சென்டருக்கு நேராக வந்ததும் அவர் நடை தளர்ந்து நின்றுவிட்டது. கண்ணில் புகை பட்டிருக்கும் என்று பாஸ்கல் நினைத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் முதுகில் கை வைத்து நகர்த்தினார்கள். முன்பின் தெரியாதவருக்கு இறக்கும் பாதி ஷட்டர்கூட அன்று இறங்கவில்லை.

"அண்ணாச்சி, அந்த நீலத்துணிய எடுங்க, பாப்போம்" என்றாள் உள்ளே நின்ற ஓர் அம்மாள். பாஸ்கல் கம்பியை மூலையில் சாத்திவிட்டு நீலத்துணியை எடுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று ஜெபம் சொல்ல வாய் கூசியது. பிளாரன்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம், சங்கத்துக்காரர்கள் யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாகத் துட்டி கேட்கப் போனார். மன்னிப்புக் கேட்பது என்ற முடிவோடுதான் போனார். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மழித்த தலையோடு செல்லப்பாண்டி தரையில் உட்கார்ந்திருந்தார். "வாங்க அண்ணாச்சி, இங்கன இரிங்க" என்று பாயைத் தள்ளிப் போட்டார்.

பாஸ்கல் தொண்டையைச் செருமினார். அதற்குள் செல்லப்பாண்டியே கேட்டுவிட்டார்.

"அன்னைக்கு நான் தலைய நிமித்தவே இல்ல. யாரு நின்னா, யாரு நிக்கலன்னு ஒண்ணும் தெரியாது. கடை சாத்தியிருந்தீயளா அண்ணாச்சி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தார்?

"சாத்துனேன்" என்றார் பாஸ்கல்.

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

செல்லப்பாண்டி தலையாட்டிக்கொண்டார். "முந்தாநாளு தலைவர் வந்தாரு. சாத்துனேன்னாரு. நேத்து முத்துக்கனி அண்ணாச்சி வந்து அதையேதான் சொல்லிட்டுப் போனாரு. எல்லாரும் சாத்தியிருக்கிய."

மூன்று பேரும் வந்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அநேகமாக அதே சந்து வழியாக. பாஸ்கலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

செல்லப்பாண்டி எழுந்து அடுக்களைக்குள் போனார். ஆள் இல்லாத அடுக்களையில் பாத்திரங்களைத் தள்ளித் தேடும் சத்தம் கேட்டது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பாஸ்கல் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"எனக்கு ஒரு ஷட்டர் சத்தங்கூடக் கேக்கல அண்ணாச்சி. உங்க கழுதைச் சத்தமாவது கேக்கும்னுதான் அங்கன கொஞ்சம் நின்னு பாத்தேன்."

பாஸ்கல் வாயைத் திறந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது உதவாது.

"தண்ணியக் குடிங்க" என்றார் செல்லப்பாண்டி.

குடித்தார். அந்த வீட்டில் அவர் செய்வதற்கு வேறு காரியம் எதுவும் மிச்சமில்லை.