மார்கழிக்கு முன் அழுத்திய பொத்தான்

1

இக்கதை சினத்தில் பிறந்தது. இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கைப் பெண் ஒருத்தி கைபேசியில், "மார்கழி உனக்குத்தாம்லே! என் கேமுக்கு ஏதுலே மார்கழி?" என்று கத்தினாள். பேருந்தே திரும்பிப் பார்த்தது. அவளைப் பற்றி நான் அறிந்தது அந்த ஒரு வரியே. இனி வருவன யாவும் என் புனைவு. சினம் மட்டும் அவளுடையது. அது எனக்கும் தொற்றிக்கொண்டது.

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

"மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பனி மெல்ல…" (இல்லை. பனிக்கு இங்கே வேலை இல்லை.)

"கணினி யுகத்தில் மகளிர் பல துறைகளிலும் ஒளிர்…" (இது ஆண்டு விழாப் பேச்சு. அடித்துவிட்டேன்.)

ஆதலால் நேராகவே சொல்கிறேன். அவள் பெயர் இர்ஃபானா. இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தில் பணி. பணி முடிந்த பொழுதுகளில், மூன்று ஆண்டுகளாக, கைபேசி விளையாட்டு ஒன்றை அவள் உருவாக்கினாள். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு மரங்களில் தாவும் சாம்பல் நிற மலையணில்தான் அதன் நாயகன். அந்தத் தாவலைச் சரியாக வரைவதற்காக, விடுமுறை தோறும் அங்கே கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றவள் அவள்.

விளையாட்டை எந்நாளில் வெளியிடுவது என்பதையும் அவளே முடிவு செய்திருந்தாள். அரையாண்டுத் தேர்வு முடியும் மாலை. பிள்ளைகள் கையில் கைபேசி திரும்பி வரும் நேரம் அது. செயலிக் கடையின் ஒப்புதல் முன்னதாகவே கிடைத்துவிட்டது. "வெளியிடு" என்னும் பொத்தானை அழுத்துவதொன்றே பாக்கி.

[இவ்விடத்தில் வாசகர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். செயலிக் கடையின் முகப்பில் புதியவற்றுக்கு இடம் கிடைப்பது முதல் சில நாள்களுக்கே. அதற்குள் ஆடுவோர் சேராவிடில் விளையாட்டு அடியில் புதைந்துபோகும். ஒரு விளையாட்டு ஒருமுறைதான் புதிதாக இருக்க முடியும்.]

3

அவளுடைய கூட்டாளி பாலகணேஷ். கல்லூரித் தோழன், திருவில்லிபுத்தூரில் கைபேசிக் கடை வைத்திருப்பவன். செயலிக் கடையின் கணக்கு அவன் பெயரில் இருந்தது.

முதல் வரைவில் அவனுக்கு முறுக்கு மீசையும் வஞ்சகச் சிரிப்பும் கொடுத்தேன். பின்பு வெட்கப்பட்டு இரண்டையும் பிடுங்கிக்கொண்டேன். அவன் வஞ்சகன் அல்லன். மார்கழியில் புதியது எதையும் தொடங்கலாகாது என்பது அவன் வீட்டு வழக்கம். தேர்வு முடியும் நாளோ மார்கழிக்குள் வந்தது. ஆகவே, கார்த்திகையின் கடைசி நாளில், இராகு காலம் கழித்து, கடையில் சூடம் காட்டி, அவன் பொத்தானை அழுத்தினான். அவளிடம் கேட்கவில்லை. ஊரெங்கும் அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

வஞ்சகனாக இருந்திருந்தால் அவனை மன்னித்திருப்பேன்! நல்லெண்ணத்தோடு பிறர் உழைப்பில் கை வைப்பவனை என்ன செய்வது? மார்கழி மீது எனக்குச் சினமில்லை. அவன் மாதம் அவனுக்கு. விளையாட்டு அவனுடையது மட்டுமா?

4

மறுநாள் முதல் கருத்து வந்தது, ஒற்றை நட்சத்திரத்தோடு: "பரீட்சை நேரத்துல அணில விட்டு எம்புள்ளையக் கெடுக்கியளே, நல்லாருப்பியளா?"

விளையாட்டுகளை ஆடிக் காட்டிக் காணொளி போடும் வ. புதுப்பட்டி பாண்டிசெல்வியை இர்ஃபானா அழைத்தாள். விளம்பரத்துக்கு அவளைத்தான் நம்பியிருந்தாள்.

"யக்கா, எம்மவனுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. இப்ப நான் கேம் வீடியோ போட்டேன்னு வையி, ஊர்ல உள்ள அம்மாமாரெல்லாம் வெளக்கமாத்தோட வந்துருவாக. லீவு விடட்டும், போடுதேன்."

"லீவு விடும்போது நம்ம கேம் எங்கன கெடக்குன்னே தெரியாது, செல்வி."

அதன் பிறகே அந்தப் பேருந்துப் பயணம்.

கடைக்குள் நுழைந்தவளிடம் பாலகணேஷ் நாற்காலியை நகர்த்தினான். "செத்த உக்காரு. டீ சொல்லட்டா?"

"சூடம் காட்டுனியே, அப்ப எனக்கு ஒரு போன் போட ஏலலியா?"

"போட்டா நீ வேண்டாம்ப. நல்ல நேரம் போயிரும். உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"உன் வீட்டுக் கல்யாணமாலே இது, நாள் குறிக்கதுக்கு?"

"தை பொறக்கட்டும், பெருசா விளம்பரம் போடுவோம்."

"தைக்குள்ள பள்ளிக்கூடம் தொறந்துரும்லே! அணில் ஆலமரத்துல தனியா ஆடிக்கிட்டுக் கெடக்கும்."

கடையில் நின்றிருந்த ஒருவர் சிரித்தார். இர்ஃபானா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் தன் கைபேசியை எடுத்தாள். கணக்கு அவன் பெயரில் இருந்தாலும், அதைத் திறந்து கொடுத்தவள் அவள், கடவுச்சொல் தெரியும். "இதைத் தூக்கிட்டு, வேற பேர்ல, என் சொந்தக் கணக்குல லீவுக்குப் போடுதேன்."

பாலகணேஷ் அவள் திரையை எட்டிப் பார்த்தான். "அப்ப நான்?"

[இதே கேள்வியை, பொத்தானை அழுத்துமுன் "அப்ப நீ?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டிருந்தால், இக்கதைக்கே தேவை இருந்திராது.]

5

முடிவு ஒன்று: அவள் நீக்குகிறாள். புதிய ஒப்புதல் விடுமுறைக்குள் வந்துசேர்கிறது, அணில் ஊரெங்கும் தாவு… (புதிய ஒப்புதல் எந்நாளில் வருமென்று யாருக்குத் தெரியும்? பொய்.)

முடிவு இரண்டு: அவன் மன்னிப்புக் கேட்கிறான். இருவரும் தேநீர்… (அவன் கேட்க மாட்டான். தான் செய்தது உதவி என்றே இன்னமும் நம்புகிறான்.)

திரையில் "நிச்சயமாக நீக்கவா?" என்ற வினா நிற்கிறது. என் சினத்திடம் விட்டால் இக்கணமே அழுத்திவிடுவேன். எழுதுகோல் அதுவரை சென்றும்விட்டது.

ஆனால் அவளைக் கேளாமல் நான் அழுத்தினால், நல்ல நேரம் பார்த்த இன்னொரு பாலகணேஷ் ஆவேன். வாசகரே, பொத்தானை உங்களிடமும் தரப்போவதில்லை. நீங்களும் அவள் நல்லதுக்கென்றுதான் அழுத்துவீர்கள்.

கையை எடுங்கள். நானும் எடுத்துவிட்டேன்.