நனைந்த கைக்கு ஒரு கத்தி

அந்த வியாழக்கிழமை மதியம் மெட்சோலா வீட்டு மேசையில் இருந்தவர்கள் நால்வர்: வீட்டுத் தலைவர் ஏவெர்ட்டி, அவருடைய மனைவி ஹில்யா, மருமகள் சானெல்மா, பக்கத்துப் பண்ணைக்காரரும் வேட்டைக் குழுவின் தலைவருமான கவுக்கோ தோலொனென். மேசைக்கு அடியில் ஹல்லி என்ற நாய் படுத்திருந்தது. மகன் ரெய்னோ இல்லை. ஏரியின் முதல் பனிக்கட்டி உடைந்து அவன் இறந்துபோய், அடக்கம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. வியாழக்கிழமைக்கு உரிய பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருக்க, ஹில்யா வட்டமான ரை தானிய ரொட்டியை மார்போடு அணைத்துக் கத்தியை வைத்து இழுத்தாள். கத்தி இறங்கவில்லை. ரொட்டியின் மேல் ஒரு கோடுகூட விழவில்லை. அன்று முதல் மெட்சோலா வீட்டு வேலிக்குள் எதுவும் வெட்டுப்படவில்லை.

கவுக்கோ தன் இடுப்புக் கத்தியை உருவிப் பார்த்தார். அதுவும் இறங்கவில்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு வேலிக் கதவைத் தாண்டிப் போய், அங்கே நிறுத்தியிருந்த டிராக்டரின் மூக்கில் வைத்து வெட்டினார். வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. துண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது ஏவெர்ட்டி அவற்றைத் தொடவில்லை.

"வீட்டு ரொட்டிய வெளிவாசல்ல வெட்டித் தின்ன நாங்க என்ன வழிப்போக்கங்களா?" என்றார்.

"பிடிவாதத்தத் தின்னா வயிறு நிறையாது, மெட்சோலாக்காரரே," என்றார் கவுக்கோ. ஆனாலும் துண்டுகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வீட்டுத் தலைவர் தொடாத ரொட்டியை அங்கே வேறு யாரும் தொடுவதில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ரொட்டியைக் கையால் பிய்த்தார்கள். பாலாடைக்கட்டியைப் பிய்த்தார்கள். மீனை முழுசாக வேக வைத்து விரலால் பிரித்தார்கள். கத்தரிக்கோல் துணியை மடித்ததே தவிர நறுக்கவில்லை. நகங்களைச் சாணைக்கல்லில் தேய்த்துக் குறைத்துக்கொண்டார்கள். முந்தைய வசந்தத்தில் பிளந்து அடுக்கிய விறகு கொட்டகையில் இருந்ததால் குளிருக்குக் குறையில்லை. ஆனால் வசந்தம் திரும்பி வந்தபோது கோடரி மரத்தின்மேல் பட்டு மணியடித்தாற்போல் திரும்பியது. மோட்டார் ரம்பம் ஒரு மணி நேரம் உறுமியும் பட்டைகூட உரியவில்லை. கோடையில் அரிவாள் புல்லைத் தடவிக் கொடுத்தது. பசுக்களை அவிழ்த்துவிட்டு மேயச் செய்தார்கள். பாதிரியார் வந்தார், ஏலக்காய் ரொட்டியைக் கையால் பிய்த்துக் காபியில் நனைத்துத் தின்றார், இதற்கென்று தனி ஜெபம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பீட்டுக்காரர் வந்து, தீக்கும் புயலுக்கும்தான் பத்திரம், இதற்கு இல்லை என்றார். இருவரும் சொன்னது உண்மைதான்.

சனிக்கிழமை தோறும் நீராவிக் குளியலுக்கு முன் முகம் மழிப்பவர் ஏவெர்ட்டி. நாற்பத்தொன்பது வருடம் தவறியதில்லை. இப்போது தாடி மேல்சட்டையின் மூன்றாவது பித்தானைத் தொட்டது. தன் வீட்டில் வெட்டுப்படாத தாடியை அயல் வீட்டில் வெட்டிக்கொள்ளும் வழக்கம் அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

"இப்படியே விட்டா அடுத்த வேட்டைக்குத் துப்பாக்கி வேண்டாம்," என்று கவுக்கோ கடைவாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னார். "மான் தானா வந்து தாடியில சிக்கிக்கும்."

கவுக்கோவின் கேலிக்குப் பின்னால் வேறொன்று இருப்பது ஏவெர்ட்டிக்குத் தெரியும். அந்த ஊரில், பருவத்தின் முதல் மூஸ் மானை யார் சுட்டாலும், காட்டிலேயே குடலை எடுத்துவிட்டு, உடலை மெட்சோலா வீட்டுக் கொட்டகைக்குத்தான் இழுத்து வருவார்கள். அங்கே உத்தரத்தில் தொங்கவிட்டு, தோலின் முதல் கீறலை மெட்சோலா வீட்டார் போட வேண்டும். அதன் பிறகே மற்றவர்கள் கத்தியை உருவலாம். ஏவெர்ட்டியின் பாட்டனுக்கு அப்பன், பஞ்சம் வந்த வருடத்தில் தன் பங்கைப் பன்னிரண்டு வீட்டுக்கும் பகிர்ந்ததற்காக வந்த உரிமை அது. நான்கு தலைமுறையாகக் கை மாறியதில்லை. அந்த வருடம் கீறல் விழாவிட்டால், உடலை இறக்கித் தோலொனென் கொட்டகைக்குக் கொண்டு போவார்கள். போனது திரும்பி வராது. அக்டோபர் முதல் சனிக்கிழமை வேட்டை.

ஏவெர்ட்டி இதை இப்படிக் கணித்தார்: ரெய்னோவோடு வீட்டுக் கத்தியும் ஏரிக்குள் போய்விட்டது. கத்தியில்லாத வீடு வெட்ட முடியாத வீடு. ஆகவே தகுந்த இன்னொரு கத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும்.

ஏரிக்குள் போன கத்தியை ரெய்னோவின் கல்யாணத்துக்கு அவரே தேர்ந்து கொடுத்திருந்தார். மேற்குச் சமவெளியின் பேர்பெற்ற கொல்லன் செய்தது. பிடியின் முனையில் பித்தளைக் குதிரைத்தலை. பிடி கண்ணாடிபோல் மெருகேற்றிய எலும்பு. விரல் அலகுக்குச் சரியாமல் காக்கும் தடுப்பு கிடையாது. நல்ல கத்திக்கு அது தேவையில்லை என்பது அந்தப் பக்கத்தார் கொள்கை. அதுவரை ரெய்னோ இடுப்பில் கட்டியிருந்தது அவனே செய்த ஒன்று. பிர்ச் மரப் பட்டையைச் சதுரம் சதுரமாக நறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்திச் செதுக்கிய பிடி. பார்க்க உலர்ந்த காளான்போல் இருக்கும். ஆற்றில் மரக்கட்டை தள்ளும் கூலிக்காரர்கள் வைத்திருப்பது. "மெட்சோலா வீட்டு ஆம்பள பட்டைப் பிடியோட கோயிலுக்கு முன்னால நிக்கக் கூடாது," என்று அன்று ஏவெர்ட்டி சொன்னார். ரெய்னோ பட்டைப் பிடிக் கத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குதிரைத்தலையைக் கட்டிக்கொண்டான்.

ஆகஸ்டில் முதல் கத்தி வந்தது. அதே கொல்லனின் மகன் செய்தது, அதே குதிரைத்தலை. ஏவெர்ட்டி அதைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்; கையிலிருந்து கைக்குக் கத்தி போனால் உறவு அறும் என்பார்கள் அங்கே, வைத்ததை மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அலகின் நீளம் உள்ளங்கை அகலம், அதற்கு மேல் ஒரு விரல். மரம் சீவவும் தோல் உரிக்கவும் சரியான அளவு. ஹில்யா ரொட்டியில் வைத்துப் பார்த்தாள். இறங்கவில்லை.

அப்போது சானெல்மா எழுந்து போய்த் தண்ணீர் வாளிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து அந்தக் கத்தியைப் பிடித்தாள். பிடியை இறுக்கினாள்.

"வழுக்குது மாமா," என்றாள். கத்தியை மேசையில் வைத்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனாள்.

இரண்டாவது, வடக்கிலிருந்து வந்த கலைமான் மேய்ப்பன் ஒருவனிடம் வாங்கியது. முழங்கையில் பாதி நீளம், அகலமான அலகு. கூடாரத்துக்குக் கம்பு வெட்டலாம், எலும்பை உடைக்கலாம், சிறு மரத்தைச் சாய்க்கலாம். கலைமான் கொம்பில் பிடி. ரொட்டியில் வைத்தார்கள்; ரொட்டி நசுங்கியது. சானெல்மா வாளியில் கையை விட்டாள். பிடித்தாள். "இதும் வழுக்குது."

"ரொட்டிய வெட்டுறதுக்குக் கைய ஏன் நனைக்கிற?" என்று ஏவெர்ட்டி கேட்டார்.

"கத்திய எடுக்கிற நேரமெல்லாம் கை காஞ்சா இருக்கும், மாமா?"

அவள் கறவைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் கடைசியில், அந்த வீட்டார் யாரும் அதுவரை செய்யாத காரியத்தை ஏவெர்ட்டி செய்தார். நகரத்துக்குப் பஸ் ஏறி, விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்து கத்தி கேட்டார். கடைக்காரன் வெளிநாட்டுக் கத்தி ஒன்றை எடுத்து விரித்த துணியில் வைத்தான்.

"துருவே பிடிக்காதுங்க. முதுகுல ரம்பம். பிடிக்குள்ள பாருங்க: தீக்குச்சி, தூண்டில் முள், நூல், மூடியில திசைகாட்டி. காட்டுல ஒரு மாசம் தனியா இருக்கலாம்."

"பிடி உள்ள பொள்ளலா?"

"ஆமாங்க, சாமான் வைக்கணும்ல."

"அப்ப அலகு எதுல நிக்குது?"

"ஒரு திருகாணியில."

ஏவெர்ட்டி பிடியை நகத்தால் தட்டிப் பார்த்தார். "காட்டுல ஒரு மாசம் இருந்தவன் எவனாவது திரும்பி வந்து சொன்னானா?" என்று கேட்டார். பிறகு அதை வாங்கினார். அவரை அறிந்தவர்களுக்கு, நிலைமை எவ்வளவு மோசம் என்று அதிலிருந்தே விளங்கியது.

வீட்டில் அந்தக் கத்தியைக் கண்டு ஹல்லிகூடக் குரைத்தது. ரொட்டி வெட்டுப்படவில்லை. சானெல்மா வாளியை நோக்கி நடந்தாள். அவள் கை தண்ணீருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏவெர்ட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். ரெய்னோ ஏரியில் விழுந்தபோது கரையில் இருந்தவள் அவள் ஒருத்திதான். பனிக்கட்டி உடைந்தது என்பதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. பனியில் விழுந்தவன் என்ன செய்வான் என்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்: இடுப்புக் கத்தியை உருவி, எட்டும் தூரத்தில் பனியில் குத்தி, அதைப் பிடித்துத் தன்னை இழுத்துக்கொள்வான்.

"எத்தன தடவ?" என்று கேட்டார் ஏவெர்ட்டி.

"மூணு. மூணு தடவையும் கத்தி பனியிலதான் நின்னுது. கைதான் நழுவுச்சு. மூணாவதுல கத்தியும் சரிஞ்சு உள்ள போயிருச்சு."

ஹில்யா ரொட்டியைத் துணியால் மூடினாள்.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குக் கவுக்கோவின் தோட்டா முதல் மானை வீழ்த்தியது. பன்னிரண்டு கிளைக் கொம்பு. மதியம் உடல் மெட்சோலா கொட்டகை உத்தரத்தில் தொங்கியது. பதினொரு வேட்டைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஏவெர்ட்டி கலைமான் மேய்ப்பனின் கத்தியை எடுத்துத் தொடையின் உட்புறத்தில் வைத்து இழுத்தார். மயிர் படிந்தது, தோல் திறக்கவில்லை. குதிரைத்தலையை எடுத்தார். திறக்கவில்லை. திருகாணிக் கத்தியை அவர் கொண்டுவரவே இல்லை.

கவுக்கோ தொண்டையைச் செருமினார். இம்முறை கேலி செய்யவில்லை. "மெட்சோலாக்காரரே, இறைச்சி காத்திருக்காது. டிராக்டர் வெளியதான் நிக்குது."

அப்போது சானெல்மா வீட்டிலிருந்து வந்தாள். மேல்துண்டுக்குள்ளிருந்து பட்டைப் பிடிக் கத்தியை எடுத்து, மாமனாருக்கு முன்னால் வெட்டுமரத்தின்மேல் வைத்தாள். ஆணியிலிருந்து எடுத்துப் பதினொரு மாதம் அவள் தன் பெட்டியின் அடியில் வைத்திருந்த கத்தி. அலகில் லேசாகத் துரு, கூர் அப்படியே இருந்தது. கூலிக்காரனின் கத்தி. பதினொரு பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஏவெர்ட்டியைப் பார்த்தார்கள்.

ஏவெர்ட்டி அதை எடுக்கவில்லை. முதுகை நிமிர்த்தி நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னார்: "இந்தப் பிடி ஈரம் பட்டா வழுக்காது, கையில இறுகும். எம் மகன் இதத்தான் கட்டியிருந்தான். வேண்டாம், பளபளன்னு இருக்கிறதக் கட்டுன்னு சொன்னது நான்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "மெட்சோலா வீட்டுக் கீறல நீ போடு."

பெண் ஒருத்தி அந்தக் கீறலைப் போட்டதில்லை. யாரோ ஒருவர் மூச்சை இழுத்தார். சானெல்மா மூலையில் இருந்த தண்ணீர் வாளியில் கையை நனைத்தாள், கத்தியை எடுத்தாள், தொடையிலிருந்து வயிறு வரை ஒரே இழுப்பில் கொண்டுவந்தாள். பட்டுத் துணி பிரிவதுபோல் தோல் திறந்தது. கொட்டகைக்குள் ஆவி எழுந்தது.

கவுக்கோ தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "சரி, நம்ம கத்திய உருவலாம்," என்றார். உருவினார்கள். ஒன்றும் வெட்டவில்லை. ஆகவே அந்த மான் முழுவதையும், தோல் முதல் கடைசிப் பங்கு வரை, சானெல்மா ஒருத்தியே அந்த ஒரு கத்தியால் பிரித்தாள். மற்றவர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விளக்கு வைக்கும் நேரம் வரை வேலை நீண்டது. பங்கு பன்னிரண்டும் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகும் மெட்சோலா வேலிக்குள் வேறெந்தக் கத்தியும் கோடரியும் வெட்டியதில்லை. அந்த ஒன்று மட்டும் எல்லாவற்றையும் வெட்டும். அதன் அலகின் வால் பிடிக்குள்ளே கடைசி வரை ஓடி அந்தப் பக்கம் தட்டி இறுக்கப்பட்டிருந்ததால் அடி தாங்கும். எனவே அந்த இலையுதிர் காலத்தில் விறகையும் அதைக்கொண்டே பிளந்தார்கள். சானெல்மா கட்டையின் தலையில் கத்தியை வைத்துப் பிடிக்க, ஏவெர்ட்டி கொட்டாப்புளியால் அதன் முதுகில் அடித்தார். ஒரு கட்டைக்கு நாலு அடி. பத்தொன்பது நாள் ஆயிற்று. மதியம் ஹில்யா கொண்டுவரும் காபிக்கு மட்டும் நிறுத்தினார்கள். மறு வருடம் பதினேழு நாளில் முடித்தார்கள். ஊராரும் பழகிவிட்டார்கள். மெட்சோலா வீட்டுக்குப் போகிறவர்கள் இடுப்புக் கத்தியை வாசல் தூணில் மாட்டிவிட்டுப் போவார்கள், பனிச்செருப்பைக் கழற்றுவதுபோல. முதல் கீறல் இன்றும் அந்த வீட்டாருடையது. பட்டைப் பிடியோடு கோயிலுக்கு முன்னால் நிற்கிறவர்கள் இப்போது நிறையப் பேர்.

தாடியைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. வேட்டை முடிந்த அடுத்த சனிக்கிழமை, நீராவிக் குளியலுக்கு முன், சானெல்மா நனைந்த கையோடு அந்தக் கத்தியை மாமனாரின் கழுத்தில் வைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்று சொல்கிறார்கள். அது தவறு. திறந்தே வைத்திருந்தார்.