காதுக்கு ஒரே சொல்

சூமின் கொரியாவிலிருந்து ஜெர்மனியின் ஆஹென் நகரத்துக்குப் படிக்க வந்தவள். ஒருநாள் அவளுடைய பேராசிரியர் வரைபடங்களை 'ஃபைலில்' வைக்கச் சொன்னார். அவள் காதில் 'பைல்' என்று விழுந்தது. ஆங்கிலத்தில் அது குவியல். மேசையோரம் கிடந்த கழிவுத்தாள் குவியலில் வைத்தாள். மறுநாள் எல்லாம் துண்டுதுண்டாகக் கிழிந்து கிடந்தன.

அன்று மாலை அழுதுகொண்டே யூட்சனிடம் சொன்னாள். தன் மொழியில் அந்த இரண்டுக்கும் ஒரே எழுத்து, காதுக்கும் ஒரே சத்தம் என்றாள். அவளைக் கட்டப் போகிற ஈழத்துப் பையன் அவன். வாயைக் கையால் மூடிக்கொண்டு இரண்டு சொற்களையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தான். உதட்டைப் பார்த்தால் கண்டுபிடித்தாள், மூடினால் தடுமாறினாள். பல பேருடைய குரலில் கேட்டால்தான் காது பழகும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பீலெஃபெல்டில் இருக்கும் யூட்சன் வீட்டுக்குப் போனார்கள். யூட்சனின் அம்மா பிளோறன்ஸ் கல்யாணத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணோடு என்ன பேசுவதென்று தெரியாமல், சோற்றைப் பரிமாறிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார்.

"அம்மா, இதை ஒருக்காச் சொல்லுங்கோ. ஃபேன், பேன்."

"பேன், பேன்."

"ரெண்டும் ஒண்டாக் கிடக்கு."

"வேற வேறயாத்தானே சொன்னன்? ஒண்டு காத்து வாறது, மற்றது பொரிக்கிற சட்டி."

யூட்சன் சிரித்தான். பிளோறன்ஸின் முகம் சுருங்கியது. சூமின் சிரிக்கவில்லை. தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் வராதா, எனக்கும்தான் என்று தட்டுத்தடுமாறிய ஜெர்மனில் சொல்லி, கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டாள். யூட்சனைச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சொல்லவைத்து இருவரும் ஊகித்தார்கள். பிளோறன்ஸுக்குத்தான் அதிகம் பிழை வந்தது.

சூமின் கீழுதட்டில் பல்லை வைத்துக் காட்டினாள். பிறகு பிளோறன்ஸின் உதட்டுக்குக் கீழே நாடியை மெதுவாகப் பிடித்தாள். அவர் விலகவில்லை. திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்து, கடைசியில் 'ஃப்ளோறன்ஸ்' என்றார்.

"என்ர பேரையே இவ்வளவு காலமும் பிழையாச் சொல்லியிருக்கிறன்" என்றார் மகனிடம். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு வேலை இடைவேளையில் பிளோறன்ஸ் வாட்ஸ்அப்பில் ஒரு சொல் பேசி அனுப்புவார். எந்தச் சொல் என்று சூமின் பதில் போடுவாள். பிழை வந்தால் இருவரும் சிரித்து அனுப்புவார்கள். மெல்ல மெல்லச் சூமினின் காதுக்கு வித்தியாசம் பிடிபட்டது. பேராசிரியர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாலும் சரியானதை எடுத்துக் கொடுத்தாள்.

பாஸ்குவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின வாரம், வேலை இருப்பதால் பண்டிகைக்கு வர ஏலாது என்று யூட்சன் அம்மாவுக்குச் சொன்னான்.

"நீ வேலையைப் பார். அவளை ரெயினில ஏத்திவிடு. நான் ஸ்ரேசனில நிக்கிறன்."