சின்னத் தப்புக்கான சொல்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடுப்புவரை கட்டுப் போட்டுக் கிடந்த ஆல்வின், உள்ளே வந்த ராய்ஸைப் பார்த்ததும் ஊசி குத்தியிருந்த கையை லேசாகத் தூக்கி, "மை பேட், மச்சான்" என்றான். "உன்னையும் பயமுறுத்திட்டேன். கயித்துல கொக்கிய மாட்டாமலே கூரைச் சரிவுல இறங்கியிருக்கேன். முதலாளி அப்படித்தான் சொல்றாரு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லடா."

அமெரிக்காவின் டொலீடோ நகரில் கூடைப்பந்து ஆடித் திரிந்த வயதிலிருந்தே அவர்களுக்குள் புழங்கிய சொல் அது. பந்தைத் தவறாகப் போட்டவன் நெஞ்சில் தட்டிக்கொண்டு 'மை பேட்' என்பான். என் தப்புதான், விடு என்று அர்த்தம். ஆட்டம் நிற்காது. கூரை வேலைக்கு வந்த பிறகும், ஆணிப்பெட்டி கைதவறி விழுந்தாலோ அடுத்தவன் சாண்ட்விச்சைத் தெரியாமல் தின்றுவிட்டாலோ அது போதுமாயிருந்தது. அதற்குமேல் மன்னிப்புக் கேட்க ராய்ஸுக்குத் தெரியாது.

ஆல்வின் கொக்கியை மாட்டித்தான் இருந்தான். கயிற்றின் மறுமுனையைத் தாங்கும் இரும்பு வளையத்தைக் கூரை உச்சியில் அறைந்தவன் ராய்ஸ். மழை வருவதற்குள் முடிக்கிற அவசரத்தில் ஒற்றை ஆணியோடு விட்டுவிட்டான். ஆல்வின் சறுக்கியதும் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆல்வின் விழுந்ததும் ஏணியில் இறங்கி ஓடியவன் முதலில் செய்தது, அவன் இடுப்பு வாரிலிருந்து கொக்கியைக் கழற்றியதுதான். மூச்சுவிடச் சிரமப்படுகிறானே என்றுதான் கழற்றினேன் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படியானால் வளையத்தோடு கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டது எதற்கு?

ராய்ஸ் அறையைவிட்டு வெளியே வந்தான். அங்கே ஆல்வினின் மனைவி நடீன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"நடீன், அவன் கொக்கிய மாட்டியிருந்தான். நான்தான் வளையத்த ஒழுங்கா அறையல. கொக்கியக் கழட்டினதும் நான்தான்." மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல், "மை பேட்" என்றான்.

அவள் அவன் வாயையே பார்த்தாள்.

"காப்பியக் கொட்டினாச் சொல்றத எங்கிட்ட வந்து சொல்ற? இனி நடப்பானான்னு டாக்டருக்கே தெரியல. அவன் என்னடான்னா தன்னைத்தானே திட்டிக்கிட்டுக் கிடக்கான். போ, அவன்கிட்டப் போய்ச் சொல்லு. வேற வார்த்தையில சொல்லு."

ராய்ஸ் மறுபடி உள்ளே போனான். ஆல்வின் டிவியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் அதை அணைத்தான். ஆல்வின் அவன் பக்கம் திரும்பினான். அந்தச் சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் இருந்தது.