மக்கு அடைத்த அம்பு

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழையின் ஈரம் ஓட்டுக் கூரைகளினின்று துளித்துளியாய் இறங்க, கதிரவன் கீழ்த்திசை மதிலின்மேல் ஏறிநின்று, பட்டறைகள் இருபுறமும் செறிந்த அந்நெடுந்தெருவை ஒவ்வொரு கதவாய்த் தட்டி எழுப்பிக்கொண்டிருந்த காலை வேளை அது. தெருவின் கடைக்கோடியில், நாற்பது நாள் மூடிய கதவுக்குள் ஏதோ சுரண்டும் ஒலியும் தேய்க்கும் ஒலியுமாய் அக்கம்பக்கத்தாரை வியக்கவைத்து, அன்றுதான் இரு கதவும் விரியத் திறந்த ஒரு சிறு பட்டறைக்குள், நயமறிந்த வாசகரே, உம்மை அழைத்துச் செல்கிறேன். உள்ளே எங்கு வேண்டுமானாலும் நில்லும். அந்த வட்டவாளுக்கு நேர் எதிரே மட்டும் நின்றுவிடாதீர்.

இருபதாண்டு பிறர் பட்டறைகளில் மரம் அறுத்துத் தோள் தேய்ந்த தச்சர் ஒருவர், மூடிப்போன ஓர் அறுப்பாலையின் பின்புறத்தில், துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் போர்த்துக் கிடந்த அவ்வட்டவாள் பொறியைக் கண்டு, கண்டவுடனே மனம் பறிகொடுத்து வாங்கிவந்தார். பெயர்த்தகடு இல்லை, இன்னார் செய்தது என்று சொல்வாரும் இல்லை. பழம்பொறிகளின் விளக்கநூல் ஒன்றை மூன்று நாள் புரட்டி, மங்கிய படமொன்றின்மேல் விரலை ஊன்றி, "இதேதான்!" என்று முடிவு கட்டினார். படத்தில் கைச்சக்கரம் இருந்த பக்கத்தில் அறுப்பவன் நின்றான். ஆகவே தாமும் அப்பக்கத்தையே முகப்பு என்று கொண்டு, அங்கு நிற்பவரை நோக்கிப் பற்கள் இறங்கிவரும்படி வாளைப் பொருத்தினார். துரு சுரண்டுவதும் வண்ணம் தீட்டுவதும் அவர் மனைவியின் பங்கு. பொறியின் பக்கவாட்டில் துரு அப்பி உருத்தெரியாத விரல் நீளப் பள்ளமொன்று தட்டுப்பட, வார்ப்பில் நேர்ந்த வடுவென்று எண்ணிய அவள், அதில் மக்கு என்னும் பூச்சுப் பசையை அடைத்து, உலர்ந்தபின் தேய்த்து, பச்சை வண்ணம் பூசி மறைத்துவிட்டாள். அவ்விடத்தைக் கணவர் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கே!" என்று வியந்தபோது, பூரிப்பில் பள்ளத்தைப் பற்றிச் சொல்லவே மறந்துபோனாள்.

அது வடுவன்று. வாள் சுழலவேண்டிய திசையைக் காட்ட, வார்த்தவர்கள் இரும்பிலேயே பதித்த அம்பு அது. தச்சர் கருதியதற்கு நேர்மாறான திசையை அது காட்டிற்று. வாளை அச்சில் பிடித்திருந்த திருகுமரையோ, உரிய திசையில் ஓடினால் மரத்தின் எதிர்ப்பாலேயே மேலும் மேலும் இறுகுவது. திசை மாறி ஓடினால் அறுக்க அறுக்கத் தளர்வது. வெறுமனே சுழலும்வரை ஒன்றும் தெரியாது. மரம் பட்டபின் கழன்றுவிட்டால், சாப்பாட்டுத் தட்டினும் அகன்ற அவ்வாள் யார்மேல் பாயும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

மின்கம்பிகளை இணைத்தவன் அவளுடைய தம்பி. வெள்ளோட்டம் தொடங்கியதும் அவள் இருமுறை நிறுத்தச் சொல்லியிருந்தாள். துடைத்த துணியை உள்ளே விட்டுவிட்டேன் என்றாள். துணி அவள் இடுப்பிலேயே செருகியிருந்தது. ஏதோ கருகுகிறது என்றாள். அண்டைப் பட்டறையில் பால் பொங்கி வழிந்திருந்தது.

"அக்கா, இன்னொரு தடவ கத்தினேன்னா, வயரச் சுருட்டிக்கிட்டு வீட்டப் பார்க்கப் போயிடுவேன்," என்றான் தம்பி.

"விடு மாப்ள. முதல் ஓட்டம், அவளுக்குப் பயம். எனக்கு மட்டும் இல்லையா என்ன?" என்று சிரித்த தச்சர், உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முதற்பலகையைத் தூக்கி மேடையில் வைத்தார்.

வாள் சுழன்றது, இரைச்சல் கூரைவரை எழுந்தது. பலகை பற்களைத் தொட்டதும் பொறி முழுதும் நடுங்க, அந்நடுக்கத்தில் பச்சை வண்ணத்தின்மேல் மயிரிழை போலொரு கீறல் ஓடியது. அருகில் நின்ற அவள் கண்ணெதிரே மக்கு, உள்ளே அப்பியிருந்த துருவோடு பெயர்ந்து கீழே விழுந்தது. பள்ளத்தின் நுனி கூர்மையாயிருந்தது. அம்பு! அவள் வாளைப் பார்த்தாள்; அம்பைப் பார்த்தாள்; இரண்டும் எதிரெதிரே ஓடின.

"என்னங்க, நிறுத்துங்க!"

இரைச்சல் அக்குரலை விழுங்கியது. அப்பால் நின்ற தம்பி, மறுபடியும் தொடங்கிவிட்டாளே என்று தலையில் அடித்துக்கொண்டானேயன்றி, பொறியை நிறுத்தும் விசையைத் தொடவில்லை. ஓடும் வாளில் மரம் தள்ளுபவரைத் தொட்டு இழுத்தால் அவர் கையே போய்விடும். அவளுக்கு அது தெரியும். மூன்றாம் முறையும் தவறானால் ஆயுள் முழுதும் கேலிதான், அதுவும் தெரியும். கதவருகே சுவரிலிருந்த முதன்மை விசையிடம் ஓடி, இரு கையாலும் பற்றி, கீழே இழுத்துவிட்டாள்.

இரைச்சல் முனகலாய்த் தேய்ந்து, வாள் மெல்ல மெல்ல நின்றது. பலகை ஒரு சாண் அறுபட்டிருந்தது.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று திரும்பினார் தச்சர்.

பள்ளத்தை விரலால் சுட்டியவள், "நான்தாங்க அடைச்சேன்... வடுன்னு நெனச்சேன்," என்று விம்மினாள்.

தச்சர் குனிந்து பார்த்தார். மேடையின் அடியில் கைவிட்டு மரையைத் தொட்டார். காலையில் தம் உடற்பாரம் முழுவதையும் திருகுக்குறட்டின்மேல் ஏற்றி இறுக்கிய மரை, இப்போது இரு விரலுக்கு இசைந்து சுழன்று, மூன்றாம் சுற்றில் அவர் உள்ளங்கையில் விழுந்தது. தம்பி அப்படியே மரக்குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

மரையை மேடைமேல் வைத்துவிட்டு, "இன்னும் எங்கெங்க அடைச்ச?" என்றார் தச்சர். குரலில் சினமில்லை.

"நாலு இடம்."

"காட்டு."

ஒவ்வோர் இடமாய்த் தொட்டுக் காட்டினாள். பின்னர் அவர் அவ்விளக்கநூலை எடுத்துவந்து அவள் மடியில் விரித்தார்.

"படத்துல கைச்சக்கரத்துக்கு ஆறு ஆரக்கால். இதுல அஞ்சு. வாங்கின அன்னிக்கே எண்ணிட்டேன்."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"இது அந்த மெஷினாவே இருக்கணும்னு ஆசை. எண்ணாத மாதிரி இருந்துட்டேன்."

அவள் அழுகையினூடே சிரித்தாள்; அவருக்கோ சிரிப்பு வரவில்லை. மாசு மறைத்தவள் ஒருத்தி, மனம் அறிந்ததை மறைத்தவர் ஒருவர். இருவர் மறைத்ததும் அன்பினால்தான் என்றாலும், இரும்புக்கு அன்பு தெரியாதே! அன்று முழுதும் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, நாற்பது நாள் தீட்டிய வண்ணத்தைத் தாமே சுரண்டி உதிர்த்தனர். பொறி அம்பின் திசையில் ஓடும்படி, தம்பி இரு மின்கம்பிகளை இடம் மாற்றினான். தச்சர் பற்கள் மறுபக்கம் நோக்கும்படி வாளைத் திருப்பி மாட்டினார். மரை மீண்டும் இறுகியது.

மாலை வெயில் சாய்ந்தபோது, அழகிழந்து, வடுவும் அம்பும் வெளித்தெரிய நின்ற அப்பொறியின் மறுபக்கத்தில் தச்சர் பலகையோடு வந்து நின்றார். அவள் முதன்மை விசையின்மேல் கைவைத்தபடி கதவருகே நின்றாள். வாள் சுழன்றது, தம்பி "ம்ம், தள்ளுங்க மாமா!" என்று கூவினான். தச்சரோ அவளையே பார்த்துக்கொண்டு, அவள் தலையசைக்கும்வரை பலகையை நகர்த்தவில்லை.