கோப்பையில் இல்லாத கை

அன்றைய கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். மேஜையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அருங்காட்சியகத் தலைவரான பல் டாக்டர். அவருக்கு வலப்பக்கம், நனையாத நாற்காலியாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாத்தியாருக்கு எதிரே, வாசல் கூடத்தில் நுழைவுச் சீட்டு கிழித்துக் கொடுக்கும் பெண். கதவோரம் அச்சகக்காரர், அவர் காலடியில் கயிறு கட்டிய நாலு அட்டைப்பெட்டிகள். மேஜையின் கடைக்கோடியில், பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில், தபாலம்மா. வாளியையும் சேர்த்தால் ஆறு பேர் என்று சொல்லலாம். கூரையிலிருந்து சொட்டு விழும்போதெல்லாம் அதுவும் தன் பங்குக்கு ஒரு அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தது.

தபாலம்மா என்பது வாத்தியார் வைத்த பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷமாக அருங்காட்சியகத்திலிருந்து வெளியே போகும் கடிதம் எல்லாம் அவள் வழியாகத்தான் போகும். கடிதத்தைத் தட்டச்சு செய்வாள். உறையின் மேல் விலாசத்தை மட்டும் கையால்தான் எழுதுவாள். அச்சடித்த விலாசத்தைப் பார்த்தால் ஏதோ கட்டண ரசீது என்று பிரிக்காமல் போட்டுவிடுவார்கள், கையெழுத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் பிரிப்பார்கள் என்பது அவள் கட்சி. நேராகப் பிடித்த அளவுகோல்மேல் நடந்து போவதுபோல இருக்கும் அவள் எழுத்து. ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

கூட்டம் எதற்கு என்றால், கூரைக்கு. இரண்டு மழைக்காலமாகப் படக்கிடங்கில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. எழுதிப் போட்ட மனுக்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. கடைசியில் டாக்டர்தான் ஒரு யோசனை சொன்னார்: இந்தப் பக்கத்து ஓவியர்களின் படங்களைக் கோப்பையிலும் நாட்காட்டியிலும் துணிப்பையிலும் அச்சடித்து, பரிசுப் பொருளாக விற்பது. பதினொரு படங்கள், பதினொரு ஓவியர்கள். அனுமதி கேட்டுத் தபாலம்மா பதினொரு கடிதம் எழுதினாள். கடைசி வரியை அவளே யோசித்துச் சேர்த்தாள்: ‘முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தங்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.’ வாத்தியார் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, நீ வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள் என்றார்.

பத்துப் பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர், தன் பெயரை மற்றவர்கள் பெயரைவிட ஒரு நூலாவது பெரிதாகப் போட வேண்டும் என்று கேட்டிருந்தார். பதினோராவது ஆளிடமிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. அவர் தபாலம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் அரசல்புரசலாகத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது.

அம்மா கடைசி மூன்று மாதம் தபாலம்மா வீட்டில்தான் கிடந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் தபாலம்மா. மதியம் ஆனால் அம்மாவைச் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைப்பாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் வருவான். முக்காலியைப் போட்டு, வர்ணப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பேசாமல் வரைவான். அவள் அதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவை எடுத்துக்கொண்டுபோன அன்று, சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடியிருந்த இடத்தில், அது வாயில் வந்துவிட்டது.

“அம்மா கை நடுங்கினப்ப நீ பிடிக்கலையே. உட்கார்ந்து வரைஞ்சுக்கிட்டில்ல இருந்தே.”

அவன் கையிலிருந்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனான். படத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தான். அவள் வேலைக்கு வராத ஒரு நாளாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பிறகு அவள் வருஷம் பிறந்தால் ஒரு கடிதம் எழுதுவாள். பதில் வராது. நாலாவது வருஷம் அண்ணி தொலைபேசியில் ரகசியமாகச் சொன்னாள்: “உன் கையெழுத்தைப் பார்த்தாரோ, பிரிக்கறதே இல்லம்மா. அப்படியே பிஸ்கட் டப்பாவுல போட்டு மூடிடறார். கிழிச்சும் போடமாட்டேங்கறார், அது ஒண்ணுதான் ஆறுதல்.”

அப்படியிருந்தும், பதினோராவது உறையின் மேல் அவள் தன் கையாலேயே விலாசம் எழுதினாள்.

அச்சகக்காரர் பெட்டியின் கயிற்றை அறுத்து அண்ணன் படம் அச்சடித்த ஒரு கோப்பையை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தார். டாக்டர் பல்லைப் பார்ப்பதுபோல அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிரமாதம் என்றார். வாத்தியார் வாங்கினார். சீட்டுக் கொடுக்கும் பெண் வாங்கி, ஜன்னலில் விழும் வெயில் தொட்டால் சுடும்போல இருக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை மேஜைமேல் முதல் வரிசையில் இதைத்தான் வைக்க வேண்டும் என்று மூன்று பேரும் ஒரே குரலில் முடிவு செய்துகொண்டிருக்கும்போது, கோப்பை தபாலம்மாவிடம் வந்தது.

ஜன்னல் இருந்தது. கம்பி, வெயில், அடுப்பு மேடை, கவிழ்த்து வைத்த பாத்திரம் எல்லாம் இருந்தன. அவள் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று. அம்மா கை இல்லை.

படத்தில் மனுஷர் என்று இருந்ததே அந்தக் கை மட்டும்தான். வலது ஓரம், கீழே, ஜன்னல் திண்டின்மேல் மணிக்கட்டுவரை ஒரு கை. சட்டத்துக்கு வெளியே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் தெரியும்.

“இதுல ஒரு கை இருக்குமே?” என்று கேட்டாள்.

அச்சகக்காரர் சிரித்தார். “அது கப்போட காது வர்ற இடம்மா. பாதி விரல் இந்தப் பக்கம், பாதி விரல் அந்தப் பக்கம்னு அசிங்கமா நின்னுச்சு. வெட்டிட்டேன். யாருக்கு என்ன தெரியப்போகுது?”

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

இதை விற்க வேண்டாம் என்று தபாலம்மா சொன்னபோது முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வாத்தியார் மேலே கையைக் காட்டினார். கூரை எப்படி இருக்கிறது என்று தெரிந்துமா இப்படிப் பேசுகிறாய் என்று அர்த்தம். டாக்டர் நிதானமான மனுஷர். கோப்பைகள் நிறையத் தயாராகிவிட்டன, உங்கள் அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை, பதில் வராவிட்டால் சம்மதம் என்று எழுதியதே நீங்கள்தானே என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவள் கோப்பையை மேஜைமேல் வைத்தாள்.

“அவன் படிக்கலை டாக்டர்,” என்றாள். “என் கையெழுத்து இருந்தா பிரிக்கமாட்டான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்.”

“ஏன்?”

“பிரிச்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பான். நம்மகிட்ட இருக்கறதுல நல்ல படம் அதுதான்.”

சீட்டுக் கொடுக்கும் பெண் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார்தான் மெதுவாக, தபாலம்மாவே கள்ளத் தபால் போட்டால் நாங்கள் யாரை நம்புவது என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடியும்போது அதில் கேலி இல்லை.

கடைசியில் ஏற்பட்ட முடிவு இது: மற்ற பத்துப் பேரின் பொருள்களும் ஞாயிற்றுக்கிழமை விற்பனைக்கு வரும். இந்தப் பெட்டி மட்டும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும். அண்ணனிடமிருந்து சரி என்று எழுத்தில் வந்தால் மேஜைக்கு ஏறும். வராவிட்டால் அங்கேயே கிடக்கும். குறிப்பேட்டில் அதை அவளே எழுதினாள். வழக்கமாகக் கூட்டம் முடிந்ததும் நாளைய வானிலையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் கலைவார்கள். அன்று எல்லோரும் குடையைத் தேடினார்கள்.

அவள் கிடங்குக்குப் போனாள். அண்ணனின் படம் மூன்றாம் அடுக்கில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. இத்தனை வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் அவள் அதை நின்று பார்த்ததில்லை; பதிவேட்டில் எண் எழுதும்போது ஒரு முறை, அச்சுக்காகப் புகைப்படம் எடுக்க வந்தவருக்குக் காட்டும்போது ஒரு முறை, ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. இப்போது விளக்கடியில் கொண்டுவந்து வைத்தாள்.

கையின் புறத்தில், ஊசி குத்திய இடத்தில், ஒரு பிளாஸ்திரி. அதன் ஒரு ஓரம் நேராக இல்லை. பிசிறு பிசிறாக இருந்தது. கத்தரிக்கோல் அகப்படாமல் அவள் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டியது. அந்தப் பிசிறுகளை ஒவ்வொன்றாக எண்ணியதுபோல அவன் வரைந்திருந்தான். இன்னொன்றும் இருந்தது. அந்தக் கை நடுங்கவில்லை. ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்த கையை இப்படி அசையாமல் வரைய, அது எப்போதாவது ஒரு கணம் ஓய்வதற்காக எத்தனை மதியம் கண் கொட்டாமல் காத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த மதியங்களில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாளில் அவள் தூங்கியது அந்த ஒரு மணி நேரம்தான். அண்ணன் இருக்கிறானே என்ற தைரியத்தில் தூங்கியிருக்கிறாள்.

சட்டத்தின் வலது கீழ் மூலையில் ஈரம் ஏறியிருந்தது. கறுப்புப் புள்ளிகள் சுண்டுவிரலுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் வந்து நின்றன. கோப்பை விற்றால் கையில்லாத ஜன்னல் வீடு வீடாகப் போகும். விற்காவிட்டால் கூரைப் பணம் குறையும், அடுத்த மழைக்கு இந்தக் கை இருக்காது. எதைச் செய்தாலும் அம்மாவுக்கு அதே இடத்தில்தான் அடி.

படத்தைக் காய்ந்த அடுக்குக்கு மாற்றி வைத்துவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். ஒரு கடிதத்துக்கு ஒரே வரைவுத்தாள் என்பது அவள் பழக்கம். அன்று ஐந்து கிழித்தாள். தட்டச்சும் செய்யவில்லை.

‘அண்ணா, உன் படத்தை உன்னைக் கேட்காமல் அச்சடித்துவிட்டோம். கேட்டதுபோல ஒரு கடிதம் அந்த டப்பாவில் இருக்கும். நீ பிரிக்கமாட்டாய் என்று தெரிந்தே அனுப்பினேன். அச்சில் அம்மா கையை வெட்டிவிட்டார்கள். அசல் இருக்கிறது, ஆனால் ஈரம் வந்துவிட்டது. உனக்குச் சம்மதம் என்றால் எழுது. படத்தை எடுத்துக்கொண்டு போவதானாலும் எழுது, கட்டி வைக்கிறேன். அன்றைக்கு நான் எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு. நீ இருந்ததால்தான் நான் தூங்கினேன். பிளாஸ்திரியை இன்றைக்குத்தான் பார்த்தேன்.’

அதற்குமேல் அவளுக்கு எழுத வரவில்லை. கையெழுத்துப் போட்டு, அச்சுக்காக எடுத்ததில் அம்மா கை மட்டும் தெரியும் புகைப்படம் ஒன்றை உள்ளே வைத்தாள்.

சீட்டுக் கொடுக்கும் பெண் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

“அக்கா, விலாசத்தை நான் எழுதட்டுமா? என் கோழிக்கிறுக்கலைப் பார்த்தா யாரோன்னு நினைச்சுப் பிரிச்சிடுவார்ல.”

நல்ல யோசனைதான். இரண்டு மாதம் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய யோசனை. தபாலம்மா பேனாவை அவளிடம் நீட்டக்கூடச் செய்தாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்மா. ஒரு தடவை ஏமாத்தினது போதும்.”

அளவுகோல்மேல் நடக்கும் அதே எழுத்தில் அண்ணன் பெயரையும் விலாசத்தையும் எழுதினாள். உறையைத் திருப்பி, பின்பக்கம் மடிப்புக்குக் கீழே, பிரிக்காமலே படிக்கும்படி ஒரு வரி சேர்த்தாள்: ‘இதைப் பிரிக்காவிட்டால் உனக்குச் சம்மதமில்லை என்றே எடுத்துக்கொள்கிறோம்.’

தபால் நிலையத்தில் ஜன்னலை மூடும் நேரம். உள்ளே இருந்தவர் அவளுக்குப் பழக்கமானவர். கேட்காமலே பதிவுத்தபால் சீட்டை எடுத்தார். அருங்காட்சியகக் கடிதம் எதையும் அவள் சாதாரணத் தபாலில் அனுப்பியதில்லை.

“இன்னைக்குச் சாதாவே போதும். கையெழுத்துப் போடச் சொல்லி அண்ணனை நிறுத்தி வைக்க வேண்டாம்.”

தபால்தலையை ஒட்டினாள். மடிப்பைப் பசையால் ஒரு தடவை, விரலால் இரண்டு தடவை அழுத்தினாள். வெளியே மழை விட்டபாடில்லை. சிவப்புப் பெட்டியின் வாயில் உறையைப் பாதிவரை நுழைத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். விட்டுவிட்டாள். அன்றைய தபாலை எடுத்துக்கொண்டு போய்விட்டிருக்க வேண்டும். காலிப் பெட்டியின் அடியில் கடிதம் போய் விழுந்த சத்தம் கேட்டது.