ஒன்றிலும் சினை இல்லை

மூன்றாம் நாளும் ஒரு சினை நண்டுகூடக் கண்ணில் படாதபோதுதான் நிஸ்றாவுக்கு அந்த ஊரின் மேல் சந்தேகம் வந்தது.

ஏறாவூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, வாவிக்கரையில் இருந்த மீனவர் சங்கக் கொட்டிலில் ஐஸ் பெட்டிகளுக்கு முன்னால் குந்தியிருந்து, பெண் நண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது அவளுடைய வேலை. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று இந்த ஊர் நண்டைக் கூடுதல் விலைக்கு எடுக்க முன்வந்திருந்தது. நண்டு இனம் அழியாத விதமாகத்தான் இவர்கள் பிடிக்கிறார்கள் என்று யாராவது பார்த்துச் சொன்னால் மட்டுமே எடுப்பார்கள். பார்த்துச் சொல்ல வந்தவள் நிஸ்றா.

"சினை நண்டு பட்டா அந்த இடத்திலயே தண்ணியில விட்டுருவம் மிஸ். அது எங்கட சங்கத்துச் சட்டம்," என்றார் தலைவர் நல்லரத்தினம்.

"எல்லாரும் விடுவாங்களா?"

"எல்லாரும்தான்."

அந்தப் பதில்தான் அவளை உறுத்தியது. வேறு வாவி, களப்புகளிலும் அவள் இந்த வேலை செய்திருக்கிறாள். எவ்வளவு நல்ல ஊரிலும் யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிரண்டு சினை நண்டைப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். இங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் சில நண்டுகளின் வயிற்று மூடியைத் திறந்தால், முட்டை ஒட்டியிருக்கும் இறகு போன்ற மயிர்கள் கலைந்து அழுக்கேறிக் கிடந்தன. சமீபத்தில் அங்கே முட்டை இருந்திருக்கிறது. தானாகப் பொரித்துப் போயிருக்கலாம். விலை குறையாமல் இருக்க யாராவது சுரண்டியும் எடுத்திருக்கலாம். ஐஸில் விறைத்த நண்டில் அதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

"இது என்ன?" என்று தராசடியில் நின்ற வதனியிடம் கேட்டாள். வதனி தலைவரின் அக்கா மகள். நண்டு நிறுப்பது அவள்தான்.

"வலையில உரசுப்பட்டிருக்கும்," என்று சொல்லி வதனி அந்த நண்டை அவள் கையிலிருந்து வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அவர்களும் நிஸ்றாவை நம்பவில்லை. அவள் கொட்டிலுக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். இறால் பண்ணைக்காரர்கள் கரையைப் பிடிக்க அனுப்பிய ஆள் இவள் என்று யாரோ கதை கட்டியிருந்தார்கள். தேத்தண்ணி மட்டும் தவறாமல் வந்தது.

அடுத்த நாள் அவள் தோணியில் போகக் கேட்டாள். தலைவர் காற்று சரியில்லை என்றார், பிறகு தோணி ஒழுகுகிறது என்றார். கடைசியில் வதனியின் கணவன் வினோஜனோடு அனுப்பினார். வலையை இழுக்கையில் மஞ்சள் முட்டை அப்பிய நண்டு ஒன்று வந்தது. வினோஜன் அதைச் சிக்கெடுத்து, அவள் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தண்ணீரில் விட்டான். அவள் பார்த்தது வேறொன்றை. தோணியின் முனையில், ஈரச் சாக்கால் மூடிய வாளி ஒன்றில் தண்ணீர் தளும்பியது. விற்கப் போகும் நண்டைத் தண்ணீரில் வைப்பவர் யாருமில்லை.

கரைக்கு வந்ததும் போய்வருவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கோயில் மதிலோடு நிறுத்தி, அவள் கரைவழியே திரும்பி நடந்தாள். கண்டல் மரங்களுக்குப் பின்னால், இடுப்பளவு தண்ணீரில் வதனி நின்றாள். பக்கத்தில் தடி நட்டு வலை சுற்றிய கூடு ஒன்று. கையில் பிரஷ்.

"சினையச் சுரண்டுறீங்களா வதனி?"

வதனி திடுக்கிட்டாள். பிரஷ் கைதவறித் தண்ணீரில் விழுந்தது.

"வலையில பாசி புடிக்குது, அதத்தான் தேய்க்கிறன். நம்பாட்டி வந்து பாருங்க."

நிஸ்றா உடுப்பு நனைய இறங்கிப் பார்த்தாள். கூட்டுக்குள் உயிருள்ள சினை நண்டுகள். சிலவற்றின் முட்டை மஞ்சள், சிலவற்றினது பொரிக்கும் பருவத்துக் கறுப்பு.

"பொரிக்கிற வரைக்கும் வெச்சிருப்பன். குஞ்செல்லாம் வலைக்கண்ணால வெளிய போயிரும். அது முடிஞ்சு மறுகாத்தான் தாய் நண்டு விலைக்குப் போகும்."

"அப்ப ஏன் உடனேயே விடுறம் எண்டு பொய் சொன்னீங்க?"

"முன்ன ஒராள் மீன்பிடி ஒபிஸில இருந்து வந்தாரு. சினை நண்டக் கையில வெச்சிருக்கவே ஒண்ணாவாம், குத்தமாம். ஒருத்தன்ட வலையையும் கொண்டுபோயிட்டாரு. சும்மா விடுங்க எண்டா ஆரும் விடமாட்டாங்க மிஸ். பொரிச்சாப் பிறகு காசு வரும் எண்டாக் கொண்டுவந்து தாறாங்க."

கதை மிகவும் நன்றாக இருந்தது. அதனாலேயே நிஸ்றாவுக்கு அதை நம்பத் தயக்கமாக இருந்தது. வலையிலிருந்து அறுந்த தங்கூசி நூலை எடுத்து, கறுத்த சினை நண்டு ஒன்றின் பின்காலிலும் மஞ்சள் சினை நண்டு ஒன்றின் பின்காலிலும் கட்டினாள். கறுப்பு இரவிலேயே பொரித்துவிடலாம். மஞ்சள் பொரிக்க இன்னும் பல நாளாகும்; அதற்குள் அதன் முட்டை காணாமல் போனால் சுரண்டியதுதான்.

"காலையில வாறன்," என்றாள்.

"வாங்க," என்றாள் வதனி, முகத்தைப் பார்க்காமலே.

விடியும்போது நிஸ்றா போனாள். வதனி அவளுக்கு முன்பே வந்து நின்றாள். கறுத்த நண்டு பொரித்திருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் புகைபோலக் கலங்கியிருந்தது. போத்தலில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் தூசு போன்ற குஞ்சுகள் துள்ளின. இரவெல்லாம் இந்தப் பெண்ணைத் திருடியாக நினைத்துக் கிடந்தது நிஸ்றாவுக்கு வெட்கமாக இருந்தது.

"மத்தத எங்க?"

வதனி கூட்டைத் தடவினாள், மறுபடியும் தடவினாள். வலை கிழியவில்லை. வாய்க்கயிற்றைப் பிடித்துப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"இது நான் போட்ட முடிச்சு இல்ல."

இருவரும் கொட்டிலுக்குப் போய்ப் பெட்டிகளைக் கிளறினார்கள். இரண்டாவது பெட்டியில், ஐஸுக்கடியில், பின்காலில் தங்கூசியோடு அந்த நண்டு கிடந்தது. வயிற்றில் ஒரு முட்டைகூட இல்லை. மயிர்கள் அடியோடு வெட்டுப்பட்டிருந்தன. நிஸ்றா வாயைத் திறக்குமுன் வதனி அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனாள்.

"கூடு எங்க இருக்கெண்டு ஊரில எங்கட வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும்தான் தெரியும் மாமா. அவரு நேத்து அந்தியிலயே சித்தாண்டிக்குப் போயிட்டாரு."

நல்லரத்தினம் நண்டைப் பார்த்தார். பிறகு நிஸ்றாவைப் பார்த்தார்.

"நேத்து நண்டுப் பாடு சரியில்ல. பதியுதீன் முதலாளிட லொறிக்கு ரெண்டு பெட்டி தாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். கொஞ்சம் குறைஞ்சிது. அதுக்கு இவ்வளவு கதையா?"

"இதுக்கு முதல் எத்தினை தரம்?" என்று நிஸ்றா கேட்டாள்.

அவர் அந்த நண்டை வாங்கி ஐஸுக்குள் திரும்பச் செருகினார். வதனியின் முகம் அப்போதுதான் உடைந்தது. பொரித்துப் போயின என்று அவள் மகிழ்ந்து தராசில் நிறுத்த நண்டுகளில் எத்தனை உண்மையிலேயே பொரித்தவை என்று இனி அவளுக்கே தெரியாது.

வதனி ஸ்கூட்டிவரை கூடவே வந்தாள்.

"மாமாட விசயத்த எழுதாம விட ஏலாதா மிஸ்?"

"நண்டுக் கூட்டப் பத்தி எழுதினாத்தான் அதுக்கு அனுமதி கேக்கலாம். கூட்ட எழுதினா இதையும் எழுதத்தான் வேணும் வதனி."

இரண்டையும் எழுதினாள். அந்த வருடம் ஊருக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை, கூடுதல் விலையும் வரவில்லை. கூட்டுக்கு அனுமதி கேட்டுப் போன விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. நல்லரத்தினமே தொடர்ந்து தலைவராக இருந்தார்.

சில மாதம் கழித்து நிஸ்றா தொலைபேசியில் அழைத்தாள்.

"தராசடிக்கு இப்ப வேற ஆள்," என்றாள் வதனி. "மாமனக் காட்டிக் குடுத்தவளாம் நான். ஒருத்தரும் கதைக்கிறல்ல."



"அப்ப கூடு?"

"இருக்கு. ரெண்டு மூணு பேர் இன்னும் நண்டு கொண்டுவந்து தாறாங்க."

"எங்க வெச்சிருக்கீங்க?"



"குறை நினைக்காதீங்க மிஸ். அத உங்களுக்கும் சொல்ல மாட்டன்."